இடதுகைத் துப்பாக்கி

ரொமெய்ன் செர்பிக்கு ஓரிடத்தில் நிற்கக் கால் வரவில்லை. துப்பாக்கிக் கிளப் கூடத்தில் போட்டிருந்த பதினோரு மேசைகளையும் இரண்டு சுற்று சுற்றிவிட்டாள். மூன்றாவது சுற்றைத் தொடங்கியபோது, சமையல் ஜன்னலுக்குள் வெண்ணெயில் வெங்காயமும் பைரோகிக் கொழுக்கட்டையும் வதக்கிக்கொண்டிருந்த பட்ஸி, "ஏ ரொமெய்ன், தரை தேஞ்சுதுன்னா நீதான் புதுசு போட்டுக் குடுக்கணும்!" என்று கத்தினான்.

"பைரோகியப் பாருடா, கருகுது" என்றாள். நடையை நிறுத்தவில்லை.

இரண்டு மணிக்குக் கோழி ஆலையில் ஷிப்ட். இப்போதே பதினொன்றரை. போன மாதக் கடைசியில் ஊரே ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு மலையேறியபோது அவள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உறைபெட்டியைத் திறந்தால் பனிக்கட்டிதான் இருக்கிறது, மான்கறி ஒரு துண்டு இல்லை. இனி மிச்சம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் சக்கிமுக்கி சீசன். கல் உரசிப் பொறி விழுந்து வெடிமருந்து பற்றுகிற பழைய துப்பாக்கி இல்லாதவர்கள் அந்தச் சீசனில் காட்டுக்குள் போக முடியாது. கிளப்பில் பழையது விற்க வாங்கக் கூடுவதும் அதற்கு முன் இன்று ஒருநாள்தான்.

தனக்கு வேண்டியது என்ன என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. குழலுக்குள் வரி வெட்டாத, வழுவழுப்பான துப்பாக்கி. அதில் ஈயக் குண்டு போட்டால் மான், ரவை போட்டால் அணில், காட்டுக்கோழி. கையில் இருக்கிற முந்நூறு டாலருக்கு இரண்டு துப்பாக்கி வாங்க முடியாது, ஆகவே ஒன்று இரண்டு வேலை செய்ய வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவள் இடதுகைக்காரி. எல்லாத் துப்பாக்கிக்கும் கல் உரசும் விசையும் மருந்துக் கிண்ணியும் வலது பக்கம். இடது தோளில் வைத்தால் மருந்துக் கிண்ணி நேராக முகத்துக்கு முன்னால் பளிச்சென்று எரியும். போன ஞாயிறு தம்பியின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்ததில் வலது புருவம் பாதி கருகிப்போனது. ஆலையில் மூன்று நாள் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

அடுப்போரக் கடைசி மேசையில் லூதர் கிளிங்கரின் துப்பாக்கி கிடந்தது. கட்டையில் அட்டை கட்டியிருந்தது: இடதுகை. பற்றாது. துளைக் கோளாறு. 250.

லூதர் சாலை போடும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். தார் லாரிக்கு மேல் கேட்கிற தொண்டை. அவரும் இடதுகைக்காரர். பக்கத்தில் மனைவி ஆர்லீன் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துப் பாரும்மா, பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டேன்."

எடுத்து இடது தோளில் வைத்தாள். கன்னம் தானாகப் போய்க் கட்டையில் உட்கார்ந்தது. விசை முகத்துக்கு அந்தப் பக்கம்.

"என்ன நோவு இதுக்கு?"

"துளைதான். செஞ்சவன் மேல தள்ளிப் போட்டுட்டான். கிண்ணியில நல்லா எரியும், தீ மட்டும் குழலுக்கு உள்ள போகாது."

"ரெண்டு வருஷமா இதே பாட்டுதான்" என்றாள் ஆர்லீன். "இவர் மண்டைக்குள்ளயும் எதுவும் போகாது. அதுக்கு எவன் துளை போட்டானோ."

ரொமெய்ன் குனிந்து பார்த்தாள். துளை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கிண்ணிக்கு நேராக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் செய்கிறதை அவளும் செய்தாள். மருந்தும் குண்டும் கெட்டிக்கும் கோலை உருவிக் குழலுக்குள் விட்டாள். கோல் போய் முட்டியது. குழல் வாய்க்கு நேராகக் கோலில் கட்டைவிரலை வைத்து, வெளியே எடுத்து, குழலின் மேலாக நீட்டிப் பார்த்தாள். கோலின் நுனி துளை வரைக்கும் வர வேண்டும். இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

இன்னொரு தடவை விட்டாள். அதே இரண்டு விரல்.

உள்ளே குண்டு இருக்கிறது. துளையில் கோளாறு ஒன்றும் இல்லை.

கால்சட்டைப் பையில் பணம் சுருட்டி இருந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கிளம்பினால் போதும். வீட்டுக்குப் போய்க் குண்டை வெளியே தள்ளிவிடலாம். ஆயிரம் டாலர் துப்பாக்கி. யாருக்கும் தெரியப்போவதில்லை. இதையெல்லாம் நினைத்தபடியே குழல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாள். காலையிலிருந்து அது சமையல் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பட்ஸி தட்டில் பைரோகி அடுக்கிக்கொண்டிருந்தான். குண்டுக்கு அடியில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

குழலைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். "லூதர், கொஞ்சம் பின்பக்கம் வாங்க."

"என்னத்துக்கு?"

"வாங்கன்னா வாங்க."

கூடத்துக்குப் பின்னால் சுடும் இடம். பனி மூடிய மண்மேடு. யாரும் இல்லை. ஆர்லீனும் பின்னலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"உள்ள குண்டு இருக்கு" என்றாள் ரொமெய்ன்.

லூதர் மண்மேட்டைப் பார்த்தார்.

அவர் முகத்தைத் திருப்பியதற்குக் காரணம் கிளப்பின் ஒரு வழக்கம். கெட்டிக்கும்போது எவனாவது பேச்சுக் கொடுப்பான், சிரித்துக்கொண்டே மருந்து போட மறந்து வெறும் குண்டை உள்ளே தள்ளிவிடுவார்கள். கிண்ணி எரியும், துப்பாக்கி சும்மா இருக்கும். இது ஒருநாள் எல்லோருக்கும் நடக்கும். பிடிபட்டவர் பெயரை அடுப்புக்கு மேலே இருக்கிற வெறுங்குண்டுப் பலகையில் எழுதி, கீழே ஒரு ஈயக் குண்டை ஆணியடித்து வைப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சுத்தியல் லூதர் கையில். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பிரசங்கம் வைப்பார். ஒரு தடவை பாதிரியார் மாட்டிக்கொண்டபோது அவருக்கே அடக்க ஜெபம் சொல்லிக் கூடத்தையே சிரிப்பில் உருட்டினார். பலகையில் இல்லாத ஒரே பெயர் அவருடையது.

"கோலை விட்டுப் பாக்கவே இல்லியா நீங்க?"

"விட்டா தெரிஞ்சிரும்ல?"

ஆர்லீன் பின்னலைக் கீழே இறக்கினாள். "அப்போ ரெண்டு வருஷமா என் கட்டில் தலைமாட்டுல குண்டோட மாட்டி வச்சிருந்தியா, பாவி மனுஷா!"

"மருந்து இருக்காது ஆர்லீன். மருந்து இருந்தா அன்னிக்கே வெடிச்சிருக்குமே."

"அதையும் உன் வாயாலதானே சொல்ற!"

ரொமெய்னுக்கு ஷிப்டுக்கு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. குண்டைச் சுட்டே வெளியேற்ற, நைசான மருந்தைத் துளை வழியாக ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். குளிரில் விரல் மரத்துப்போனது. கோழி அறுத்து வீங்கிய விரல், ஊசி நிற்கவில்லை. லூதர் வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளினார். கோலால் குண்டை இறுக்கி, கிண்ணியில் மருந்து வைத்து, அவள் இடது தோளில் வைத்துச் சுட்டாள். கிண்ணி எரிந்ததும் குழல் வெடித்ததும் ஒன்றாகவே கேட்டது. மண்மேட்டில் பனி சிதறியது. முகத்தில் ஒரு பொறிகூட விழவில்லை.

புகை கலைந்தது.

"இருநூத்தம்பதுங்கிறது சுடாத துப்பாக்கிக்கு" என்றார் லூதர்.

இதற்குத்தான் பயந்தாள். "நான் வாய மூடிட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம். ஏன் போகல?"

"பட்ஸி நேரா நின்னான்."

லூதர் துப்பாக்கியைக் கையில் வாங்கித் தடவினார். இரண்டு வருஷமாக அதைத் தூக்காதவர் இப்போது தூக்கிக் கண்ணுக்கு வைத்துப் பார்க்கிறதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் இதைத் தோளில் வைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்.

கூடத்துக் கதவு திறந்து பட்ஸி தலையை நீட்டினான். "என்னப்பா, சத்தம் கேட்டுச்சு? பத்தாத துப்பாக்கியா வெடிச்சுது?"

லூதரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ரொமெய்ன் அந்த முகத்தைப் பார்த்தாள். தன்னிடம் விற்க என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வரோம், போ! கதவச் சாத்து, குளிர் உள்ள போகுது!" என்று பட்ஸியை விரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "லூதர், நான் கிளப்புக்குப் புதுசு. என் பேரு அந்தப் பலகையில ஏறுனா எனக்கு என்ன கொறஞ்சு போகும்? இப்படிச் சொல்லுவோம்: துளை அடைச்சிருந்துச்சு, நான் குத்தி எடுத்தேன். அப்புறம் அவசரத்துல மருந்து போடாம குண்டத் தள்ளிட்டேன். உள்ள இருந்தது என் குண்டு. பதிலுக்கு எனக்கு அட்டையில போட்ட வெல. சரியா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ரெண்டு வருஷமா என்ன சொல்லிட்டிருந்த?" என்றாள் ஆர்லீன்.

லூதர் துப்பாக்கியைக் கீழே இறக்கினார். பிறகு அவளிடம் நீட்டினார்.

உள்ளே போய் ரொமெய்ன் கதையைச் சொன்னதும் கூடமே கூத்தாடியது. "முத துப்பாக்கி, முத குண்டு, முத ஆணி!" என்று பட்ஸி கரண்டியால் தட்டைத் தட்டினான். யாரோ அவள் பெயரைப் பலகையில் எழுதினார்கள், எழுத்துப் பிழையோடு. லூதர் சுத்தியலை எடுத்தார். எல்லோரும் பிரசங்கத்துக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் அடித்தார். ஆணி கோணிப்போனது. பிடுங்கி மறுபடி அடித்தார்.

"என்ன லூதர், பிரசங்கம் எங்க? தொண்டை கட்டிக்கிச்சா?"

"புதுப் பொண்ணு, விடுங்கப்பா" என்று முணுமுணுத்தார். பட்ஸி கரண்டியை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தான். ஆர்லீன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரொமெய்ன் கடிகாரத்தைப் பார்த்தாள். பணத்தை மேசையில் வைத்துத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். டிரக்கை முடுக்கும்போது லூதர் பின்னாலேயே ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். மூச்சு வாங்கியது. இறக்கினாள். துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கிறாரோ என்று கை தானாகப் போர்வைமேல் போனது.

"ஞாயித்துக்கெழம கிளப்புக்கு வந்தா கிண்டல் பண்ணியே உன்ன வறுத்து எடுப்பானுங்க" என்றார். "என்னால நிறுத்த முடியாது."

"நிறுத்தாதீங்க. எல்லாத்துக்கும் மேல நீங்கதான் வறுக்கணும். இப்ப வாய மூடிட்டு நின்னீங்கள்ல, பட்ஸி முழிச்ச முழியப் பாத்தீங்களா? அவன் மட்டும் மோப்பம் பிடிச்சான், ரெண்டு பேரு பொழப்பும் நாறிப்போயிரும்."

"உன்னப் பாத்து எப்படிம்மா..."

"இப்பவே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

லூதர் கூடத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நாலைந்து பேர் பைரோகித் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமினார்.

"கோழி ஆலைக்காரிக்குக் குண்டு போடத் தெரியும்... மருந்து போடத் தெரியாது."

"அங்க வரைக்கும் கேக்கல" என்றாள் ரொமெய்ன், கியரில் கையை வைத்தபடி. "இன்னும் சத்தமா."