துடைக்காத கிளாஸ்

ஜெர்மனியின் பாடன்-பாடன் வெந்நீர் ஊற்றில், அந்த ஊர் வழக்கப்படி, ஆணும் பெண்ணும் துணியில்லாமல்தான் குளித்தோம். அத்தனை பெண்களுக்கு நடுவே என் கணவன் எக்கார்ட் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் ஸ்பையர் நகரத்தில் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி, கைக்குட்டையால் அதன் வாயைத் துடைத்துவிட்டுக் குடித்தான். கல்யாணமானதிலிருந்தே இப்படித்தான்.

மாலையில் திராட்சைத் தோட்டத்து ஊர் ஒன்றில் ஒயின் குடிக்க உட்கார்ந்தோம். அங்கே மேஜைக்கு ஒரே பெரிய கிளாஸ்தான், கைமாறிக்கொண்டே போகும். பக்கத்திலிருந்த யாரோ ஒருத்தி குடித்துவிட்டு நீட்டினாள். அவள் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்த இடத்திலேயே எக்கார்ட் வாய் வைத்துக் குடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துடைக்கலையா?"

"சும்மா இருடி, அவங்க தப்பா நினைச்சுக்கப் போறாங்க."

கிளாஸ் என்னிடம் வந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, எல்லோரும் பார்க்க, அவன் வாய் வைத்த இடத்தை அழுத்தித் துடைத்தேன். பிறகுதான் குடித்தேன்.