அடைப்புக்குறிக்குள் தேசப்பன்

1

தேசப்பன் (62) ஓடினார்.

பொன்னேரியில் ரயில் முழுசாக நிற்பதற்குள் குதித்தார். ஒரு கையில் வேட்டி நுனி. மறு கையில் மஞ்சள் ஆஸ்பத்திரி ஃபைல். பூ மூட்டையைத் தாண்டினார், மீன் கூடையை இடித்தார். "யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்ற குரலுக்குத் திரும்பவில்லை. இருபதடி பின்னால் ஒருவன் துரத்திக்கொண்டு வந்தான். முன் வழுக்கை. சட்டைப் பையில் இரண்டு பேனா.

துரத்தியவன் நான்.

(இந்த இடத்தில் 'தொடரும்' போடுவது என் வழக்கம். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. அடக்கிக்கொண்டேன்.)

2

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆகியிருக்கவே கூடாது. கிஃபாயத்துல்லா பாய் (58) என்னிடம் கேட்டது ஒரு நோட்டீஸ்.

"ஒரே பக்கம் போதும் ரைட்டரே. நாம யாரு, இன்னா செய்றோம், எந்த நம்பருக்கு ஃபோன் அடிக்கணும். அவ்ளோதான்."

நான் பகலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வால்வு கம்பெனி ஒன்றின் ஸ்டோர் கீப்பர். மிச்ச நேரத்தில் மாத நாவல்களில் ஆட்களைக் கடத்துகிறவன். பேனாவைத் திறந்தேன். முதல் வரைவு:

'புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுநோயை ஆரம்பத்திலேயே

எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாவது வரைவு:

'அது அவனுக்குள் அறுபது வருஷமாகப் பதுங்கியிருந்தது. சத்தமில்லாமல். இன்று அது கண்ணைத்

பாய் வாங்கிப் படித்தார். "இதப் படிச்சா டாக்டர் கிட்ட வரவனும் ஆந்திராவுக்கு ஓடிப்புடுவான்" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது வரைவுதான் உங்கள் கையில் இருப்பது. ஒரு பக்கம் என்றார். மடித்துத் தைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பாய் மன்னிக்க வேண்டும்.

பாய் பழவேற்காட்டு இறால் வியாபாரி. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே நோய், ஆபரேஷன், இப்போது என்னைவிட வேகமாகப் படியேறுகிறார். அவர் தொடங்கிய எங்கள் அமைப்புக்கு முதலில் வைத்த பெயர் 'ஆண்கள் நல மையம்'. பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு மாட்டிய வாரத்தில் பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பதினேழு பேரும் தாழ்ந்த குரலில் லேகியம் கேட்டார்கள்.

போர்டு இறங்கியது. இப்போது பெயர் 'மூணாவது பெட்டி'. வியாழக்கிழமை காலை சென்னைக்குப் போகும் மின்சார ரயிலின் மூணாவது பெட்டியில் நோயாளிகளோடு ஏறுகிறோம், அதனால். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் அவசர வேலை. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது; எங்கள் ஆட்களுக்கோ இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஆகவே எங்களிடம் ஓர் அட்டை உண்டு: எந்த ஸ்டேஷனில் இறங்கினால் எங்கே ஒதுங்கலாம், எத்தனை அடி, எந்த டீக்கடைக்காரர் பின்கட்டைத் திறந்துவிடுவார்.

விதிகள் இரண்டே. ஒருத்தர் இறங்கினால் எல்லாரும் இறங்க வேண்டும். அப்புறம், டாக்டர் அறைக்குள் நோயாளி தனியாகப் போகக் கூடாது, வீட்டம்மா கூடவே போக வேண்டும். டாக்டர் சொன்னதில் பாதியை ஆம்பிளை கதவருகிலேயே கீழே போட்டுவிட்டு வருவான் என்பது பாயின் அனுபவம்.

இந்த விதிதான் வில்லன். நினைவில் வையுங்கள்.

(பெயருக்குப் பக்கத்தில் வயது போடுவது வாரப் பத்திரிகை வாசித்து வளர்ந்த தோஷம். அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணைப் போட்டால் ஆள் கண்முன் நிற்பான். தேசப்பனுடைய எண்ணை ஆஸ்பத்திரி சீட்டைப் பார்த்து எழுதினேன்.)

3

தேசப்பன் ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வீடு கவரைப்பேட்டை. அவருக்கு நோய் உறுதியாகிவிட்டது, சின்னதுதான், ஆரம்பம்தான். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகக் கிளம்பிய இரண்டு வியாழனும் 'ஒதுங்கினு வரேன்' என்று டீக்கடைக்குள் போனார். நாங்கள் முன்பக்கம் காவல் நின்றோம். அவர் பின்பக்கமாகப் போய் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சென்னை ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த வியாழன் பதினோரு மணிக்குள் வராவிட்டால் தேதி அடுத்தவருக்கு. பிறகு மூன்று மாசம் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தச் சின்னது சின்னதாகவே இருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

அந்த வியாழன், 2007 ஆகஸ்ட் பதினாறு. பெட்டியில் நாங்கள் நாலு பேர்: பாய், நான், தேசப்பன், அவர் மனைவி செல்லியம்மாள் (54). பாய் முந்தின நாள் பேப்பரை விரித்து, "சொதந்தரத்துக்கு அறுவது வயசு ஆயிட்சி பாத்தியா" என்றார்.

தேசப்பன் உற்சாகமானார். "அன்னிக்கி எங்க ஸ்கூல்ல மிட்டாய் குட்த்தாங்க பாய். நான் ரெண்டு தபா வரிசைல நின்னு வாங்கினேன்."

"ரெண்டு தபாவா? அப்பவே திருட்டுத்தனம்" என்றார் செல்லியம்மாள்.

தேசப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார். பொன்னேரி வந்தது.

மீதியை முதல் வரியில் படித்தீர்கள்.

4

பஸ்ஸில் பிடித்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எறங்குங்க."

"ரைட்டர் சார், உன் கால்ல வேணா உய்றேன். ஊட்டுக்குப் போக உடு."

"கத்தின்னா பயமா?"

"எனுக்கா? இருவது வர்சம் பழுக்கக் காய்ச்சின இரும்ப ஆளுங்க தலைக்கு மேல ஓட்டினவன் நானு. கத்தி இன்னா கத்தி."

"பின்ன இன்னா?"

"உள்ள செல்லியும் வராளே."

"வரட்டும். அதானே விதி."

"அதான்யா பேஜாரு!"

சுற்றுமுற்றும் பார்த்தார். என் காதைப் பிடித்து இழுத்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

[அந்த வாக்கியத்தை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். தாளே கிழிந்துவிட்டது. பொறுங்கள். நான் இதில் பிழைக்கிறவன்.]

எனக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குலுங்கினேன். கண்டக்டர் வந்தார். "சிரிக்கறதுன்னா எறங்கிச் சிரிங்க. ஏறி நிக்க எடமில்ல இங்க."

இறங்கினோம்.

"இத டாக்டரம்மா கிட்ட சொல்லியே ஆகணும்" என்றேன். "சொன்னா வைத்தியமே மாறலாம்."

"செல்லி காதுல உய்ந்தா?"

"அவங்கள வெளிய நிறுத்தறது என் பொறுப்பு. இருபது வருஷமா நாவல்ல போலீஸையே அலைய உட்டவன் நான்."

தேசப்பன் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நடந்தார்.

5

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. செல்லியம்மாள் இந்தக் கதைக்குத் தேவையா? அவர் இல்லாவிட்டால் தேசப்பன் நேராக உள்ளே போவார், சொல்வார், வெளியே வருவார், சுபம். ஒரு வரைவில் அவரை எடுத்தே விட்டேன். 'மனைவி பெரியபாளையம் கோயிலுக்குப் போயிருந்ததால்' என்று.

செய்தி எப்படியோ கவரைப்பேட்டைக்குப் போய்விட்டது.

"என்னிய எடுத்துட்டியாமே ரைட்டர் தம்பி?" ஃபோனில் அவர் குரல். "அப்ப பைய யாரு தூக்கினு வந்தா? ரெண்டு வேட்டி, துண்டு, நாஷ்டா டப்பா. உன் கதைப் பாத்திரம் நனைஞ்சி போனா நீயா மாத்தி உடுவ?"

சேர்த்துவிட்டேன்.

பொன்னேரி பிளாட்பாரத்தில் அவரும் பாயும் விதிப்படி இறங்கி, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அட்டையில பாத்ரூம் இருக்கற பக்கம் வேற, இவரு ஓடின பக்கம் வேற" என்றார் பாய். செல்லியம்மாள் கணவர் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குமேல் ஓட முடியாது.

ஆஸ்பத்திரி. பத்து ஐம்பது. கதவுக்கு வெளியே நாலு பேர். என் திட்டம் ஆரம்பம்.

"அம்மா, மருந்துக் கடைல உங்களக் கூப்பிடறாங்க."

"பாய் போவாரு."

பாய் போனார்.

"ஊட்டுலேர்ந்து உங்களுக்கு ஃபோன் வந்துச்சாம், ரிசப்ஷன்ல."

"என் செல்லு என் கைல கீது."

"எனக்குத் தல சுத்துதும்மா."

"ஐயோ, ஒக்காரு தம்பி." என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மடியில் பையை வைத்தார். "இதப் பாத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டுக் கணவர் பின்னால் உள்ளே போனார்.

கதவு மூடியது. பத்து ஐம்பத்தேழு.

இருபது வருஷத்தில் நான் போட்ட மிக மோசமான பிளாட்.

6

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பையோடு வெளியே இருந்தேன். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில் தேசப்பன் ஒரு சீட்டில் எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டுகிறார். நாடகமாக இருக்கிறது, ஆனால் செல்லியம்மாள் எந்தச் சீட்டையும் முதலில் வாங்கிப் பார்க்கிறவர்.

இன்னொன்றில் அவர் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இரண்டு வரி எழுதினேன். பேனா நகரவில்லை. அந்த மனுஷனுக்கு நான் அப்படிச் செய்ய

என் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் தேசப்பன் தொண்டையைச் செருமினார். பிறகு:

"இன்னாது?!"

செல்லியம்மாள் குரல். மருந்து வாங்கும் வரிசை மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது. வரிசையில் பாயும் இருந்தார். அதற்குப் பின் டாக்டரம்மா சிரிப்பது கேட்டது.

திரும்பும் ரயிலில் கூட்டம். மூணாவது பெட்டியில் இடமில்லை. செல்லியம்மாள் ஒரு ஆளின் தோளைத் தட்டினார்.

"எய்ந்திருப்பா. வயசானவரு நிக்கறாரு, கண்ணு தெர்ல?"

"ஏண்டி மானத்த வாங்கற" என்றார் தேசப்பன்.

"கம்முனு ஒக்காரு பெர்சு."

உட்கார்ந்தார். கவரைப்பேட்டை வரும்வரை அவருக்குப் பெயர் 'பெர்சு'தான். திட்டு நிற்கவில்லை. திட்டிக்கொண்டே வேர்க்கடலையை உரித்து உரித்து அவர் உள்ளங்கையில் போட்டதும் நிற்கவில்லை. வழியில் இரண்டு முறை அவருக்கு முட்டியது. இரண்டு முறையும் நாலு பேரும் இறங்கினோம். அவர் ஓடவில்லை.

ஆபரேஷனா, அல்லது கத்தி வைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துக் காவல் இருப்பதா? டாக்டரம்மா புதிதாக யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு சொல்லியும்விட்டார். எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நோட்டீஸில் அதை எழுதினால் படிக்கிறவர்கள் எல்லாரும் தமக்கும் அதுவே என்று கேட்பார்கள் என்கிறார் பாய். ஆகவே அந்த முடிவு உங்களிடம்.

7

ஆனால் நான் மறைத்தது ஒன்று பாக்கி.

அந்த டாக்டரம்மா முதல் நாளே தேசப்பனிடம் சொன்னதை உங்களிடம் சொல்லவில்லை: "அறுபத்திரண்டுதானே, ஆபரேஷன் பண்ணிடலாம். எழுபது தாண்டியிருந்தா வேற மாதிரி யோசிக்கணும்."

1973-இல் பெரியபாளையத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வயசு வித்தியாசம் எத்தனை என்று கேட்டார்கள். மாப்பிள்ளை ஒரு எண் சொன்னார். அந்தக் கணக்கில் வந்த வயசு ரேஷன் கார்டில் ஏறியது. கம்பெனியில் ஏறியது. ஆஸ்பத்திரிச் சீட்டு வரை வந்தது. பொன்னேரி பஸ்ஸில் என் காதில் விழுந்த வாக்கியம் இதுதான்:

"எட்டுன்னு சொன்னது பொய்யில்ல ரைட்டர் சார், முன்னால ஒரு ஒண்ண உட்டுட்டேன்."

(துப்பு கொடுக்காமல் ஏமாற்றினேன் என்று கடிதம் போடாதீர்கள். மிட்டாய் வரிசையில் அவரை இரண்டு தடவை நிறுத்தினேன்.)

இப்போது ஒரு பென்சில் எடுங்கள். முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். துரத்திய எனக்கு நாற்பத்தாறு. அவர் பஸ் ஏறும்வரை பிடிக்க முடியாமல் எனக்கு மூச்சு வாங்கியதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை அடித்துவிட்டு, அந்த வரியை ஒருதரம் சத்தமாகப் படியுங்கள்.

தேசப்பன் (72) ஓடினார்.