வாசலில் நேர்ந்த ஆடு

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றே கூப்பிட்டார்கள். பல் டாக்டர்கள் அனுப்பிவைக்கும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செட் செய்து தருவது அவள் தொழில். வேலை அறை அலமாரி நிறைய, வெள்ளை மாவில் வார்த்த வாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். "இத்தனை வாய் இருக்கு, ஒண்ணுகூட எதிர்த்துப் பேசாது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா விட்டுப்போன மூன்று தட்டு வீடு. நடுவில் அவள். கீழே ஒரு கணக்கரும் கல்யாணம் செய்துகொள்ளாத அவர் தங்கையும். அண்ணன் வாய் ஓயாமல் "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டதில் தெருவே அந்த அம்மாளைத் தங்கச்சியம்மா ஆக்கிவிட்டது. மேலே ஒரு பஸ் டிரைவரும் அவன் மனைவியும். இரண்டு குடும்பமும் வேறு வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் மேல்வீட்டுத் துணி காற்றில் கீழே விழுந்தால் தங்கச்சியம்மா மடித்துப் படிக்கட்டில் வைப்பாள். கீழ்வீட்டு மோட்டார் ஓடாவிட்டால் டிரைவர்தான் ஸ்பேனரோடு இறங்கி வருவான்.

ஒருநாள் ஓர் இறக்கத்தில் டிரைவரின் பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். வண்டியைச் சுவரோடு உரசவிட்டே இறக்கம் முழுக்கக் கொண்டுவந்து நிறுத்தினான். கண்ணாடி உடைந்தது, சிலருக்குக் கை கால் சிராய்த்தது, ஒரு உயிரும் போகவில்லை. விசாரணை முடிந்து, அவன்மேல் தப்பில்லை, அடுத்த வாரம் வேலைக்கு வரலாம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆட்டோடு வந்து நின்றான். காதில் கறுப்புப் புள்ளி விழுந்த வெள்ளாடு.

"அக்கா, ஒரு அனுமதி வேணும்."

"இது யாருக்குப் பல் கட்டறதுக்கு?" என்றாள் பல்லக்கா.

அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே நேர்ந்துகிட்டேன். இத்தனை பேரும் பிழைச்சா என் வாசல்ல ஒரு உயிர் தர்றேன்னு. எங்க முறையில அதை வீட்டு வாசல்லதான் செய்யணும். செய்யாம நான் வண்டியைத் தொட மாட்டேன்."

"கறிக்கடைக்காரர்கிட்ட கொண்டுபோய்ச் செஞ்சா ஆகாதா?"

"கடை வாசல்னு நேரலியே அக்கா."

அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். அங்கே என்ன சொன்னான், யாருக்குச் சொன்னான் என்பதில் அவள் எப்படிப் போய்ப் பேரம் பேசுவாள்?

செய்தி கீழே போனதும் கணக்கர் ஏறி வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். முக்கியமான பேச்சு என்றால்தான் அப்படிப் போடுவார்.

"அவங்க சட்டியில என்ன வேகுதுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லம்மா. ஆனா குடியிருக்கிற இடத்துல ரத்தம் விழுந்தா எங்க பூஜை நின்னுபோகும். தங்கச்சி வேற விரதத்துல இருக்கா. இந்த மாசம் முடியிற வரைக்கும் கேட்டைத் தாண்ட மாட்டா. இல்லேன்னா நாங்களே எங்கயாவது ஒருநாள் போயிட்டு வந்திருப்போம்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. மேலே இருப்பவனும் இல்லை. பல்லக்காவுக்கு எந்தச் சாமியிடமும் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதனாலேயோ என்னவோ, இரண்டு பேரும் அவளைத்தான் நியாயம் கேட்டார்கள். இரண்டு நாள் மெழுகில் பல்லைப் பதிக்கும்போதெல்லாம் அவளுக்கு வரிசை கோணிக்கொண்டே போயிற்று.

ஆடு அதுவரை கேட்டுக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. தங்கச்சியம்மா ஜன்னல் வழியாகக் கீரைத் தண்டைப் போட்டாள். "பசிக்குக் கத்துது, அதுக்கென்ன தெரியும்" என்று யாரும் கேட்காமலே பதில் சொன்னாள்.

கடைசியில் வழி பல்லக்காவுக்குத்தான் தோன்றியது. டிரைவரின் வாசல் என்பது உண்மையில் மாடிப்படியின் உச்சிதானே? கீழ் முற்றத்துக்கு வரவே வேண்டாம். கழுவுகிற தண்ணீர் போகும் குழாய் மட்டும்தான் கீழ்வீட்டுப் பூஜை அறையை ஒட்டி இறங்குகிறது. அதன் வாயைத் தன்னிடமிருந்த அச்சு மாவைக் குழைத்து அடைத்துவிடலாம். ஆட்டுக்கு அடியில் பெரிய தொட்டி வைத்து, அதை அப்படியே மூடி வெளியே கொண்டுபோய்விடலாம்.

மூன்று வீட்டாரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். தங்கச்சியம்மா ரொம்ப நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒரு சொட்டு இறங்கக் கூடாது. அது கத்தறது என் காதுல விழக் கூடாது. நான் உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு ஜபத்துல உட்கார்ந்துக்கறேன்," என்றாள். சொல்லும்போது கண் கலங்கிற்று.

"விழாதும்மா. நான் பொறுப்பு," என்றான் டிரைவர். அவன் மனைவி எழுந்துபோய்த் தங்கச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடிந்தால் முடிந்திருக்கும். பல்லக்கா அன்று ராத்திரியே மாவைக் குழைத்துக் குழாய் வாயை அடைத்துவிட்டு, கை கழுவக்கூட இல்லை, கேட்டில் யாரோ தட்டினார்கள்.

ஆடு கட்டியிருந்ததை எவரோ போட்டோ பிடித்து ஊரெல்லாம் செல்போனில் சுற்றவிட்டிருந்தார்கள். யார் என்று இன்றைக்கு வரை தெரியாது. வாசலில் அட்டை பிடித்த கூட்டம். அதில் ஒரு முகமும் அந்தத் தெருவைச் சேர்ந்ததில்லை. பின்னாலேயே நகராட்சி வண்டி, சுகாதார அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள்.

கணக்கர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "சார், எங்களுக்குப் புகார் எதுவும் இல்ல. நாங்க பேசித் தீர்த்துக்கிட்டோம்."

கூட்டத்தில் ஒருத்தன் அவர் தோளில் கை போட்டான். "பயப்படாதீங்க ஐயா, நாங்க இருக்கோம்."

"பயமெல்லாம் இல்லப்பா. நீங்க போங்க."

"பாருங்க, எப்படி மிரட்டி வெச்சிருக்காங்கன்னு!" என்று அவன் செல்போனைப் பார்த்துக் கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் சேர்ந்தது. எங்கள் சாமி, எங்கள் உரிமை என்று கோஷம். டிரைவரை யாரென்றே தெரியாதவர்கள் அவனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் ஆட்டைப் பிடித்த கயிற்றோடு மலங்க மலங்க நின்றான்.

பல்லக்கா அதிகாரியை மறித்தாள். "அனுமதி வாங்கிட்டுச் செய்யலாமில்ல சார்? எங்க வாங்கணும், சொல்லுங்க."

"அறுக்கறதுக்கு லைசென்ஸ் உள்ள இடத்துக்குத்தான் அனுமதி தருவோம்மா."

"அப்போ லைசென்ஸ் குடுங்க."

"குடியிருப்புக்கு லைசென்ஸ் கிடையாது."

"அவருக்கு வீட்டு வாசல்லதானே செய்யணும்?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? நானும் சாமி கும்பிடறவன்தான்," என்றார் அதிகாரி. உண்மையாகவே வருத்தப்படுகிற முகம். கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போயிற்று அவளுக்கு.

ஆட்டை வண்டியில் ஏற்றினார்கள். அது கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பூஜை அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாளிலிருந்து பல்லக்காவும் டிரைவரும் நகராட்சிப் பட்டிக்கு அலைந்தார்கள். முதல் தடவை ஆட்டைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்க விட்டார்கள். தெருநாய்களுக்கும் ஒரு நொண்டி மாட்டுக்கும் நடுவில் நின்றது. உத்தரவு வேண்டும் என்றார்கள். உத்தரவு தருகிறவர் மீட்டிங்கில் இருந்தார், அப்புறம் விடுப்பில் இருந்தார். பிறகு ஒருநாள் போனபோது கம்பிக்குப் பின்னால் ஆடு இல்லை.

"ஏலத்துல போயிடுச்சே. இடம் பத்தல," என்றான் பட்டிக்காரன், டீயை ஆற்றிக்கொண்டே.

"யார் எடுத்தா?"

"யார் எடுப்பா? கறிக்கடைக்காரர்தான். எல்லாம் முறைப்படி, லைசென்ஸ் உள்ள இடத்துலதான் அறுத்தாங்க."

டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வரும்போது பல்லக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வேற ஒண்ணு வாங்கி, வேற ஊர்ல, சொந்தக்காரங்க யார் வாசல்லயாவது…"

"நேர்ந்தாச்சு அக்கா, இந்த ஆடுதான்னு சொல்லி அது காதுல சாமி பேரும் சொல்லியாச்சு. கழட்டி மாத்த அது என்ன டயரா?"

சொன்னபடியே அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டிப்போவில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வண்டி கழுவும் வேலையில் போட்டார்கள். தெருவில் கணக்கரோடு பேசுவதைச் சிலர் நிறுத்திக்கொண்டார்கள், காட்டிக்கொடுத்தவர் என்று. வேறு சிலர் தேடிவந்து கைகுலுக்கினார்கள். கைகுலுக்கிய நாளில்தான் அவர் சாப்பிடாமல் படுத்தார்.

மாதம் முடிந்து விரதம் கழிந்த அன்று தங்கச்சியம்மா மாடி ஏறி வந்தாள். இத்தனை வருஷத்தில் நடுவீட்டைத் தாண்டி அவள் ஏறியதில்லை. மேல்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். தட்டினாள், சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் பல்லக்காவின் வேலை அறை வாசலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வந்தவங்க நாங்க சொல்லி வரல. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க அக்கா. சத்தியமா நாங்க சொல்லல."

அன்று சாயங்காலம் கால்சட்டை நனைந்து வேலையிலிருந்து திரும்பியவனைப் படிக்கட்டில் நிறுத்திப் பல்லக்கா அதைச் சொன்னாள்.

"தெரியும் அக்கா," என்றான் டிரைவர். "அன்னிக்கு ராத்திரியே தெரியும். அந்தம்மா கையை என் பெண்டாட்டி பிடிச்சுக்கிட்டிருந்தாளே, நான் பார்த்தேனே."

"அப்புறம் ஏன் கதவைத் திறக்கல?"

அவன் குனிந்து கால்சட்டை நுனியைப் பிழிந்தான். "திறந்தா ஏதாவது பேசணுமில்ல?" என்றுவிட்டு ஈரக்காலோடு மேலே ஏறிப்போனான்.