விலாவில் ஒரு மடிப்பு

பிரான்சின் கான் நகரப் படகுக் கண்காட்சியிலிருந்து திரும்பிய எங்கள் முதலாளி பெர்தான்யி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து என் மேசைமேல் வைத்தார்.

"இது யாரோட படகு, சொல்லு."

செங்குத்தான முகப்பு. தண்ணீருக்குச் சற்று மேல்வரை கண்ணாடி. இப்போது எல்லோரும் அப்படித்தான் வரைகிறார்கள். ஆனால் கண்ணாடிக்கு அடியில், முகப்பிலிருந்து பின்புறம்வரை ஒரு மடிப்பு ஓடியது. அதன் நிழல் படகை நீளமாகவும் தாழ்வாகவும் காட்டும். எங்கள் வரைவாளன் இலாரியோ வரைந்தது.

"நம்மோடது, முதலாளி."

"அதான் இல்ல. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கானே நம்ம போட்டிக்காரன், அவன் கண்காட்சில வச்ச சின்ன மாதிரிப் படகு. நம்ம வாடிக்கையாளர் அதையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு." கதவைச் சாத்தினார். "இலாரியோவோட மச்சான் எங்க வேலை பாக்குறான்?"

"அங்கதான்."

"வெள்ளிக்கிழமை இலாரியோவை வேலையை விட்டு அனுப்பறேன். அதுவரைக்கும் அவன்மேல ஒரு கண்ணு வச்சுக்கோ நெரீனா. நீ பேசாத பொண்ணு. உன்னை யாரும் கவனிக்க மாட்டாங்க."

எங்கள் படகு வடிவமைப்பு அலுவலகத்தில் எடையும் சமநிலையும் கணக்கிடுவது என் வேலை. எதையும் அளக்காமல் நம்புவதில்லை. ஆனால் அந்த வாரம் எதை அளந்தேன்? இலாரியோ கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசினான். மதியம் வரைபடக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். உணவு இடைவேளையில் வரைபடம் எதற்கு?

புதன்கிழமை பின்தொடர்ந்தேன். அலைதடுப்புச் சுவரின் நுனிக்குப் போனான். குழாயைத் திறந்து தூண்டிலை வெளியே எடுத்தான்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "மீன் வேணும்னா கேக்க வேண்டியதுதானே. எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்ற?"

"காத்து வாங்க வந்தேன்."

"ஆமாமா. நீ காத்து வாங்கி நான் பாத்ததே இல்ல."

தூண்டில் எதையும் நிரூபிக்கவில்லை. மச்சான் அங்கே வேலை பார்ப்பது பார்ப்பதுதான். மேசைக்குத் திரும்பி முதலாளி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு மூலையில் அவருடைய விரல். மடிப்பைக் காட்டுகிறேன் என்று நுனியை உள்ளே நுழைத்திருந்தார். எங்கள் வரைபடத்தை அந்த மாதிரியின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். எங்கள் மடிப்புக்குள் நகம்கூட நுழையாது.

அவ்வளவு ஆழமான மடிப்பை நான் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். வசந்தத்தில், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக, படகின் முன்பகுதியை அசல் அளவில் செய்யக் கொடுத்தோம். படகு கட்டும் தளத்துத் தச்சர்கள் கேட்ட கூலி அதிகம் என்று, முதலாளி அதைக் கார்னிவல் திருவிழா ஊர்வல வண்டிகள் செய்யும் கொட்டகையில் கொடுத்தார். தெருக்கோடியிலிருந்தும் தெரிய வேண்டிய ராட்சத முகங்களைக் காகிதக்கூழில் செய்கிறவர்கள் அவர்கள். எங்கள் மடிப்பையும் அப்படியே கண்ணிமைபோல் ஆழமாக வெட்டிவிட்டார்கள். முதலாளி கத்தியபிறகு பசை பூசி அடைத்தார்கள்.

அடைப்பதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டகை எல்லோருக்கும் திறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை இலாரியோ முதலாளியின் அறையில் நின்றிருந்தான். நான் கதவைத் தட்டினேன். 

"முதலாளி, இலாரியோ கொடுத்திருந்தா மடிப்பு மெல்லிசா இருந்திருக்கும். அவன்கிட்ட வரைபடம்தான் இருக்கு. அந்தப் பக்கத்துக்காரங்க பாத்தது, அடைக்கிறதுக்கு முன்னாடி கொட்டகையில இருந்ததை. ஞாயித்துக்கிழமை அங்க யார் வேணா உள்ள போகலாம்."

விரல் இருந்த படத்தையும் எங்கள் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொட்டகையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நான் சொல்லவில்லை. அவர் வெகுநேரம் விரலையே பார்த்தார்.

"சரி," என்றார் கடைசியில். "இலாரியோ, போய் வேலையைப் பாரு. வேற ஏதாவது வரை. மடிப்பே வேணாம்."

இலாரியோ போனான். நானும் நகர்ந்தேன்.

"நெரீனா. ஞாயித்துக்கிழமை அங்க கதவு திறந்திருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருந்தேன்."

"அப்ப நீயும் அங்க இருந்த." கோபமாகச் சொல்லவில்லை. "உன்கூட வேற யாரு?"

"யாருமில்ல, முதலாளி."

தலையசைத்தார்.

மாலையில் என் மேசைமேல் காகிதத்தில் சுற்றிய மீன் ஒன்று இருந்தது. சிரிப்பு வந்தது. அப்போது அக்கா அழைத்தாள். வழக்கம்போல் எழுந்து வெளியே போய்ப் பேசினேன்.

திரும்பியபோது முதலாளியின் அறைக்கதவு என் மேசையைப் பார்த்தபடி பாதி திறந்திருந்தது. உட்கார்ந்து, கைபேசியை எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்த்தி வைத்தேன்.