பெட்ஃபோர்ட் பிரபு வென்றாரா?

அனுஜா இரண்டு வருசமாகத் தாயிடம் மறைத்ததைத் தம்பி றொஜர் இரவுச் சாப்பாட்டில் போட்டு உடைத்துவிட்டான்.

"அம்மா, அக்கா ஆய்வு எழுதினது ஜான் தார்க்கை எரிச்ச ஆளைப் பற்றித்தானே!"

தாய் றஜனியின் கை கோப்பையிலேயே நின்றது. மன்னாரிலிருந்து வந்த நாள்முதல் அவளுக்குப் பாரிசில் பெரிய துணை, லா ஷப்பல் தெருக் கோயிலில் சிலையாக நிற்கும், பிரான்சுக்காக ஆங்கிலேயரோடு போரிட்ட அந்தப் புனிதைதான். ரூ காய் தெருச் சேலைக்கடைக்கு வேலைக்குப் போகுமுன் அங்கே மெழுகுதிரி கொளுத்துவாள். மகளின் பட்டச் சோதனைக்காகவும் கொளுத்தி வந்தாள். யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்டபோதெல்லாம் "பழைய இங்கிலாந்துப் பிரபு ஒருத்தர்" என்று மட்டுமே மகள் சொல்லியிருந்தாள்.

"இங்கிலாந்து ராசா கைக்குழந்தையா இருக்கேக்கை அவருக்காகப் பிரான்சிலை பிடிச்ச இடங்களைப் பார்த்த சித்தப்பா, அம்மா. பெட்ஃபோர்ட் பிரபு. பொறுப்பைச் சரியாச் செய்தாரோ எண்டதுதான் கேள்வி."

"பத்தொன்பது வயசுப் பிள்ளையை எரிச்சவனுக்கு நீ புள்ளி போடுறியோ?"

றஜனி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சென் தெனி பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கான வாய்மொழிச் சோதனை. யாரும் வந்து கேட்கலாம். அனுஜா தாயைக் கூப்பிடவில்லை. ஆனால் அவள் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில் கதவு திறந்தது. றஜனி குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தாள். தாய்க்குப் பிரெஞ்சு நன்றாகவே விளங்கும்.

வழிகாட்டிப் பேராசிரியை ஆன்ஜெலிக் இதமாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த பேராசிரியர் ஸ்ரனிஸ்லாஸ் இலேசில் விடுகிற ஆளில்லை.

"பிரபு இறந்து ஒரு வருசம் ஆகுமுன்னே பாரிஸ் ஆங்கிலேயர் கைவிட்டுப் போனது. இதையா வெற்றி என்கிறீர்கள்?"

"அவர் இருக்கும்வரை போகவில்லை. படை குறைந்துகொண்டே வந்தும் தாக்குப்பிடித்தார். கூட்டாளியான பர்கண்டிப் பிரபுவின் தங்கையை மணந்து அந்த உறவைக் காத்தார். சின்ன ராசாவைப் பாரிசுக்கே கொண்டுவந்து முடிசூட்டுவித்தார்."

"ஜான் தார்க்? முடிவுரையில் அவள் பெயரே இல்லை. மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. அந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப எழுதி, தாயின் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் அழித்திருந்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே கடைசி வாங்கைப் பார்த்தாள். றஜனி கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தோற்றார்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டில் சமாதானம். ஆனால் அது அவள் கண்டறிந்த முடிவில்லை.

"அவளால் ஒர்லெயானில் தோற்ற ஆட்சி, அவள் பிடிபட்டதும் விலைகொடுத்து வாங்கி விசாரித்தது, எரித்தது. அது அநியாயம். அந்தக் கறை அவர் பெயரைவிட்டுப் போகாது. ஆனால் நான் கேட்டது அவர் நல்லவரா என்றில்லை. அரசனாயிருந்து இறந்த அண்ணன் விட்டுப்போனதை அண்ணன் பிள்ளைக்காகக் காத்தாரா என்றுதான். பெரும்பகுதியைக் காத்தார். வெற்றிதான்."

முடிவெடுக்க எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். நடையில் தாயைக் காணவில்லை. உள்ளே கூப்பிட்டு 'மிக நன்று' என்று அறிவித்தபோதும், ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து கைகொடுத்தபோதும் அனுஜாவின் கண் கதவிலேயே இருந்தது.

மெத்ரோ நிலைய வாசலில் றஜனி நின்றாள்.

"பாஸ் அம்மா."

"முகத்திலை தெரியுது."

ரயில் வந்தது. நெரிசலில் இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சில தரிப்புகள் கழிந்தபின் றஜனி திடீரென்று கேட்டாள்.

"அந்தப் பொடியன் ராசா பிறகு என்ன ஆனான்?"

"வளந்து எல்லாத்தையும் துலைச்சிட்டார். இங்கிலாந்தையும்தான்."

"பிறகென்ன வெற்றி? வளர்ப்புச் சரியில்லை."

"வளர்த்தது இவரில்லை அம்மா, வேறை ஆள்! இவர் இஞ்சை பிரான்சிலை நிண்டவர்."

"சித்தப்பன் எண்டா பக்கத்திலை நிண்டெல்லோ வளர்க்கவேணும்?"

"அப்ப பாரிசை ஆர் பார்க்கிறது?"

"ஆர் அவரைப் பார்க்கச் சொன்னது? பாரிஸ் என்ன அவையின்ரை சொத்தோ?"

பிளாஸ் து கிளிசியில் ரயில் மாறும்போதும் வாய் ஓயவில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. லா ஷப்பலில் இறங்கியதும் கடைக்கு நேரமாகிவிட்டதென்று றஜனி விறுவிறுவென்று நடந்தாள். தெருவைக் கடந்தபின் திரும்பிக் கத்தினாள்:

"பின்னேரம் வாறன். கதை இன்னும் முடியேல்லை!"

அனுஜா நிலையப் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.