பல் இல்லாத முகம்

டைம்கீப்பர் பல்லோடு போய் நின்றால் அவருடைய போனுக்கு அவரை அடையாளம் தெரியாது.

போனைக் குற்றம் சொல்ல முடியாது. பஸ் டிப்போவில் காலமெல்லாம் நேரம் குறித்து ஓய்வு பெற்ற மனிதர். ஒரு ராத்திரி தங்க வந்த மகள், காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் பேங்க் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். "இதைப் பாருங்கப்பா, கண்ணைச் சிமிட்டுங்க, முடிஞ்சுது" என்றாள். பல்செட் அந்நேரம் குளியலறைக் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஒட்டிய கன்னமும் உள்ளே போன உதடுமாக இருந்த அந்த முகத்தையே ஆப் மனதில் வாங்கிக்கொண்டது. பல்லோடு வருகிறவரை யாரோ மோசடிக்காரர் என்று நினைத்தது.

முகத்தை மாற்ற ரகசிய எண் வேண்டும். யாராலும் கண்டுபிடிக்க முடியாத எண்ணாக வைத்திருந்தார். இப்போது அவராலும் முடியவில்லை. பேங்குக்கே போய்க் கேட்டார். கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக, "இதுக்கு எதுக்கு சார் நேர்ல வந்தீங்க? ஆப்லயே மாத்திக்கலாமே" என்றாள்.

"பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டு கரண்ட் பில் கட்டுற ஒரே ஆம்பள நீங்கதான்" என்றார் மனைவி.

வீட்டுக்குள் அப்படிப் பல்லைக் கழற்றிவிட்டுக் கட்டினால் போதும். வெளியேதான் சம்பந்தி இருந்தார்.

சம்பந்தி மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தவர். வாய் ஓயாது. வாராவாரம் இருவரும் பூங்காவில் நடந்துவிட்டு பேக்கரியில் டீ குடிப்பார்கள். பில் வந்ததும் சம்பந்தி போனை நீட்டுவார். "நீங்க விடுங்க சம்பந்தி, இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது" என்பார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இதைக் கேட்டுக்கொண்டே டீ குடிப்பது டைம்கீப்பருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. பல்லைக் கழற்றிக் கட்டலாம் என்றால், சம்பந்தம் பேச வந்த அன்றே "இந்த வயசுல என்ன பல்லு பாருங்க" என்று அந்த வீடே வியந்திருந்தது. மகளும் இத்தனை வருஷமாய்ப் புகுந்த வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவோடு போனார்.

"இன்னிக்கு நான்தான்" என்று சம்பந்தியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வரிசை நிக்குது சம்பந்தி. அடுத்த வாரம் ஆற அமரப் பண்ணிக்கலாமே."

டைம்கீப்பர் கல்லாவில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தைப் போனில் பிடித்தார், தொகையைப் போட்டார். பிறகு தும்மல் வந்தவர் போலக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குளிர்பான அலமாரிப் பக்கம் திரும்பினார். பல் கைக்குட்டைக்குள் இறங்கியது. போன் அவரைப் பார்த்தது. மகிழ்ந்து பச்சை டிக் காட்டியது. கல்லா மேலிருந்த ஸ்பீக்கர் பெட்டி, பணம் வந்துவிட்டதாகக் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது.

"பரவாயில்லையே. எந்த பேங்க் சம்பந்தி?"

டைம்கீப்பர் "ம்" என்றார்.

"எந்த பேங்க்னு கேட்டேன்."

"ம்ம்" என்றார் அவர், இன்னும் அலமாரியையே பார்த்தபடி. அப்போதுதான் கவனித்தார்: அலமாரிக் கதவு கண்ணாடி. அதில் குளிர்பானங்களுக்கு நடுவே அவருடைய ஒட்டிய கன்னம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் சம்பந்தியின் முகமும் தெரிந்தது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்ததோ.

சம்பந்தி சிரிக்கவில்லை. டைம்கீப்பரின் தோளைத் தொட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவை இருபக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்ட கட்டினீங்க?"

டைம்கீப்பர் விழித்தார்.

"என்னோடது கீழ் வரிசை குதிக்குது. உங்க பொண்ணு சாப்பாடு போடும்போதெல்லாம் ஒரு பக்கமாவே மென்னுட்டு இருக்கேன். உங்களோடது நிஜப் பல்லுன்னே நெனச்சிருந்தேன். நல்ல கைவேலை."

டைம்கீப்பர் திரும்பி நின்று பல்லைப் பொருத்திக்கொண்டார். வார்த்தை முழுதாக வந்தது.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு வயசான டாக்டர். புதன்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். ஒண்ணு மட்டும், அவர் போன்ல பணம் வாங்க மாட்டார். நோட்டாத்தான் கொடுக்கணும்."

சம்பந்தி கையிலிருந்த போனைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார், ஒரு நோட்டுகூட இல்லை.

"ஏடிஎம்ல கார்டை எந்தப் பக்கமா சொருகணும் சம்பந்தி?"