வளையல்காரர் வீட்டுக் கை

என் மதினி நஜ்முன்னிசா, புருஷன் இறந்ததற்காக வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பிறகும் வாசற்படியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போய்க் கூப்பிடுவேன். "அடுத்த வெள்ளி வாரேன் ஹாஜரா" என்பாள். கோரிப்பாளையம் தர்கா கூப்பிடு தூரம்தான், அதற்கே இந்தப் பாடு. எனக்கும்தான் கூடப்பிறந்த அண்ணன் போனான். நான் சோறு பொங்கவில்லையா, கடைக்குப் போகவில்லையா என்று கோபம் கோபமாக வரும்.

அண்ணன் சிக்கந்தர் வளையல் வியாபாரி. அவன் போட்டுவிட்டால் வளையல் உடையாது என்று பரவைச் சந்தையில் பெயர். மதினி அவனுடைய வளையல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது பரவையிலிருந்து தங்கப்பொண்ணு என்ற வயல் வேலைக்காரி வந்தாள். ஏழு மாத வயிறு. "வளையக்கார அண்ணே இருக்காகளா? நாளைக்கு எனக்கு வளைகாப்பு." அண்ணன் இறந்த விஷயத்தை நான் சொன்னதும் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மதினி பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "வேணுங்கிறத எடுத்துக்க தாயி."

"கை வீங்கிருக்குக்கா. தெரியாதவுக போட்டா ஒடஞ்சுரும். வளைகாப்புல ஒடையலாமா? நீங்க வாங்க."

"புருசன் இல்லாதவ நான். ஒங்க சனம் ஒத்துக்குமா?"

"எங்க ஆத்தாட்ட நான் சொல்லிக்கிறேன்."

மதினி அவள் கையை வாங்கினாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டியை மெல்ல அமுக்கி ஒரு வளையலை ஏற்றினாள். உடையாமல் ஏறியது. அண்ணன் மதினிக்கு அப்படித்தான் போட்டுவிடுவான். தங்கப்பொண்ணு கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மதினி இத்தாவில்கூட அழாத அழுகை அழுதாள். "அவுக என் கையத் தொட்ட மாதிரியே இருக்கு ஹாஜரா." என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை மதினி பெட்டியோடு கிளம்பினாள். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் ஒன்றுதான் பரவைக்கு. படி தாண்டி நாலு வீடு போனவள் திரும்பி வந்துவிட்டாள்.

"ஆரம்பிச்சுட்டியா மதினி?" என்று சத்தம் போட்டேன்.

இத்தாவுக்காக வளையல் கழற்றிய வெறுங்கையை நீட்டினாள். "வளையக்காரன் பொண்டாட்டி வெறுங்கையோட நின்னா எவ வாங்குவான்னு வைவாக. போட்டு விடு."

எனக்கு அந்த வித்தை தெரியாது. முதல் வளையல் உடைந்தது. "கட்டவிரல மடக்குடி" என்றாள், அழுதுகொண்டே. அடுத்தது ஏறியது. நாலு போட்டுவிட்டேன்.

"போயிட்டு வாரேன்" என்று விறுவிறுவென நடந்தாள். தெருமுனை வரைக்கும் வளையல் சத்தம் கேட்டது. அது ஓய்ந்த பிறகு, அண்ணன் போனதற்கு முதல் தடவையாக நான் உட்கார்ந்து அழுதேன்.